பதினான்கு வயதுக் கன்னம்

போன வார அத்தியாயத்தில் அவளை மருத்துவமனை வாசலில், பைக்கின் பக்கத்தில், ஹெல்மெட்டும் கையுமாக நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். வெயிலில் நின்றது போதும்.

அன்றைக்கு உள்ளே டாக்டரம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "உங்க வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவன் பதில் சொல்லிவிட்டான். "எடுத்தாச்சு டாக்டர். எல்லாம் நார்மல்."

சொல்லும்போது அவன் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. சுற்றாத மின்விசிறியைப் பார்த்தான்.

"அப்ப சரி. நாளைக் கழிச்சு காலையில வெறும் வயித்தோட வந்துடும்மா. தொப்புள்கிட்ட சின்னதா துளை போட்டு, கேமராவை விட்டு, உள்ள என்னதான் நடக்குதுன்னு பார்த்துடலாம்."

வாசலுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "எப்ப எடுத்தீங்க?"

அவன் பதிலுக்குப் பைக்கை உதைத்தான். அந்தப் பைக் அரை டஜன் உதை வாங்காமல் எழுந்திருக்காத ரகம். அன்றைக்குப் பார்த்து முதல் உதையிலேயே கிளம்பிவிட்டது. இயந்திரங்கள்கூட ஆண்கள் கட்சிதான் போலிருக்கிறது.

கதையில் அது நேற்று. துளை நாளைக்கு. நடுவில் இருப்பது இந்த ஒரு பகல்.

வீட்டுக்குப் பின்னால்தான் பட்டறை. பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் மனித உடம்பை மாதிரியாகச் செய்து அனுப்பும் குடும்பம் அது. மாமனார் அச்சு எடுப்பார். மகன் அச்சில் ரெசின் என்ற பிசினை ஊற்றுவான். ஓவியம் படித்துவிட்டு வந்த மருமகள் ரத்தக் குழாய்களுக்குச் சிவப்பும் நீலமும் தீட்டுவாள். மாமியார் தெர்மாகோல் வைத்துப் பெட்டி கட்டுவார். வந்த புதிதில் மாமியார் விளையாட்டாக 'வர்ணம்' என்று கூப்பிடப்போய், மருமகளுக்கு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மூக்கு, மூளை, கல்லீரல் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வார்கள். இடுப்புக்குக் கீழே இறங்கினால் மட்டும் விலைப்பட்டியலில் உள்ள எண். கருப்பை என்ற சொல்லை இங்கே யாரும் உச்சரித்ததில்லை. அது பதினேழு. ஆண்களுக்கானது பத்தொன்பது. "பத்தொன்பதுல ஒண்ணு உடைஞ்சு போச்சுப்பா" என்று வீட்டுப் பெரியவர் சாப்பிடும்போது சொன்னால், எல்லாரும் புரையேறாமல் அடுத்த கவளத்தை எடுப்பார்கள். ஊர்ப்பட்ட பிள்ளைகளுக்கு இனப்பெருக்க மண்டலத்தை அறிமுகம் செய்துவைத்த குடும்பம் அது. தங்களுக்குள் அறிமுகம் செய்துகொள்ளத்தான் இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

"பதினேழை மடியில வச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கா. அவளோடது மட்டும் ஏன் அசைய மாட்டேங்குதோ" என்று மாமியார் தன் தங்கையிடம் போனில் சொன்னது ஒருநாள் வர்ணத்தின் காதில் விழுந்தது. அன்றைக்கு அவள் தீட்டிக்கொண்டிருந்த கருப்பையில் சிவப்பு கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது. அதையும் பெட்டி கட்டி அனுப்பிவிட்டார்கள்.

நாலு வருஷம். மாத்திரை, ஊசி, ரத்தம் எடுத்தல், கருக்குழாயில் சாயம் ஏற்றிப் படம் பிடித்தல். இத்தனையும் அவளுக்கு. அவனுக்கு ஒரு கொசுக்கடிகூட இல்லை. டெஸ்ட் எடுத்துவிட்டேன் என்கிறான். எடுத்தானா, இல்லையா? அது தெரியாமல் நாளைக்கு அந்த மேஜையில் போய்ப் படுக்க அவளுக்கு மனசில்லை. கேட்கலாம் என்றால் ஆள் விடிந்ததிலிருந்து வார்ப்புக் கொட்டகையை விட்டு வெளியே தலை காட்டவில்லை.

அந்த நேரத்தில்தான் மாமனாரின் போன் அடித்தது.

அவர் கைகளில் எப்போதும் களிமண். ஆகவே போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அந்தரங்கம் என்று அவருக்கு ஒன்று இருந்தால் அது பட்டறைக்கே பொதுச் சொத்து.

"சார், உங்ககிட்ட வாழ்க்கைப் பருவங்கள் செட் வாங்கினோமே, ஆறு முகம்." ஒரு டீச்சரின் குரல். "குழந்தையில இருந்து கிழவர் வரைக்கும் எல்லாம் அழகா இருக்கு. அந்த மூணாவது பையன்தான்..."

"பருவ வயசா? அவனுக்கு என்ன மிஸ்?"

"பசங்க அவனுக்குப் பன்னுன்னு பேர் வச்சிருக்காங்க. பருவ வயசுல குரல் உடையும், மீசை அரும்பும்னு நான் நடத்திக்கிட்டிருக்கேன். ஒருத்தன் எழுந்து, எங்களுக்கெல்லாம் எப்ப மிஸ் கன்னம் வீங்கும்னு கேட்கிறான்."

"இருபது வருஷமா அதே அச்சுதான் போகுது. ஒருத்தர் குறை சொன்னதில்லையே."

"சொல்லாம சிரிச்சிருப்பாங்க சார். எங்களுக்கு மத்தியானம் அனுப்பற ரெண்டாவது செட்லயாவது கொஞ்சம் சரி பண்ணிடுங்க."

மாமனார் போனை முழங்கையால் அணைத்தார். "இருபது வருஷம் கழிச்சுக் கண்டுபிடிக்குறாங்க. வர்ணம், அந்தப் பையனைக் கொஞ்சம் உப்புத்தாள் போட்டு இறக்கிடும்மா. வேன் வர்றதுக்குள்ள."

அவள் அந்த முகத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

எத்தனையோ தடவை வர்ணம் பூசிய முகம்தான். ஆனால் நிறம் பார்க்கிற கண்ணுக்கு உருவம் தெரிவதில்லை. இன்றைக்கு உப்புத்தாளைப் பிடித்த விரல்கள் அதைத் தடவிப் பார்த்தன. பையன் குண்டு இல்லை. நெற்றி ஒட்டி, மூக்கு மெலிந்துதான் இருந்தது. வீக்கம் கன்னத்திலும் இல்லை. காதுக்குக் கீழே, தாடையின் மூலையில் இருந்தது. காது மடலையே கொஞ்சம் மேலே தூக்கிவிட்டிருந்தது. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். விலைப்பட்டியலில் நாலாம் எண், உமிழ்நீர்ச் சுரப்பிகள். போன மாதம்தான் ஒரு கல்லூரிக்கு அதைத் தீட்டிக் கொடுத்தாள்.

"மாமா, இது யார் முகம்?"

"தெரியலையா? உன் புருஷன்தான்."

அவள் முகத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். மூக்கு, ஆமாம். அந்தப் பிடிவாதமான மேலுதடு, ஆமாம், ஆமாம். நாலு வருஷமாக எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற முகத்தை, அதே முகத்துக்கு இருபது தடவை கண் எழுதியும் அடையாளம் தெரியாமல் இருந்திருக்கிறாள்.

"அப்ப ஆள் வச்சு அச்சு எடுக்க வசதி ஏது?" மாமனாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "குழந்தை பக்கத்து வீட்டுக் குழந்தை. கிழவர் எங்கப்பா. பருவ வயசுக்கு இவன். தேதி நெருங்கிடுச்சு. இவனுக்குப் பார்த்து அப்பத்தான் பொன்னுக்கு வீங்கி. இறங்கற வரைக்கும் காத்திருந்தா ஆர்டர் கைவிட்டுப் போயிடும். மூக்குல குழலைச் சொருகி, அச்சு மாவைப் பூசிட்டேன். பாவம், வலியில அழுதான். அழுதா அச்சு கலைஞ்சிடும்டான்னு அதட்டினேன். நாடு பூரா இவன் வீங்கின மூஞ்சிதான் உட்கார்ந்திருக்கு."

சிரித்தார். பின்னால் பெட்டி ஒட்டும் டேப் கிழிபடும் சத்தம் நின்றுவிட்டதை அவர் கவனிக்கவில்லை. வர்ணம் கவனித்தாள்.

"எத்தனை வயசு மாமா அவருக்கு?"

"பதினாலு. மீசைகூட முளைச்சிருச்சு. அதை நான்தான் மழிச்சுட்டு..."

"வேற வேலை இல்லையா உங்களுக்கு?" மாமியாரின் குரல். "வேன் வந்துடும்."

"இரு, சொல்லிக்கிட்டிருக்கேன்ல. அதுக்கப்புறம்தான் படுத்திருச்சு. கன்னம் இறங்கிச்சு, கீழே ஏறிடுச்சு. பத்தொன்பது இந்தத் தண்டி வீங்கி, ஒரு வாரம் காலை அகட்டிக்கிட்டே..."

"போதும்."

இந்த வீட்டில் மாமியார் குரல் உயர்த்தினால் பட்டறை முழுக்கக் கேட்கும். உயராமல் அப்படித் தாழ்ந்தது இதுவே முதல் தடவை. மாமனார் வாயை மூடினார். எதற்காக மூடினோம் என்று தெரியாத முகத்தோடு களிமண் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வர்ணத்துக்கு டாக்டரம்மாவின் அறை ஞாபகம் வந்தது. முதல் முதலாகப் போன நாள். கூட மாமியாரும் வந்திருந்தார். டாக்டரம்மா அவனைப் பார்த்துக் கேட்டார்: "சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்திருக்கா?" சம்பந்தமில்லாத கேள்வி என்று வர்ணம் நினைத்தாள். குழந்தைக்கும் கன்னத்துக்கும் என்ன தொடர்பு? அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாமியார் முந்திக்கொண்டார். "அதெல்லாம் ஒண்ணும் வந்ததில்ல டாக்டர். இரும்பு மாதிரி இருப்பான்."

உப்புத்தாளைக் கீழே வைத்தாள். பையனின் கன்னத்தில் ஒரு கீறல்கூடப் போடவில்லை.

பெட்டி கட்டும் அறை சின்னது. மூன்று பக்கமும் அட்டைப்பெட்டிகள். மாமியார் ஓர் அட்டையால் விசிறிக்கொண்டு நின்றார். கழுத்தெல்லாம் வியர்வை. கொஞ்ச நாளாகவே அவருக்கு இப்படித்தான் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது. கேட்டால், அறையில் காற்றில்லை என்பார். பதினேழு ஓய்வு பெறுகிறது என்று ஒரு தடவை தானாகவே சொல்லிச் சிரித்தார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை.

"அத்தை, டாக்டர் கேட்டப்ப ஏன் இல்லைன்னு சொன்னீங்க?"

"எதை?"

"எதைன்னு உங்களுக்குத் தெரியும்."

விசிறி நின்றது. "ஞாபகம் இல்ல. எத்தனையோ வருஷம் ஆச்சு."

"மாமாவுக்கு மீசை வரைக்கும் ஞாபகம் இருக்கு."

மாமியார் ஒரு பெட்டியின் மீது உட்கார்ந்தார். 'கவனம், உடையும்' என்று எழுதியிருந்த பெட்டி. அது நசுங்கியதை அவர் பொருட்படுத்தவில்லை.

"அப்பவே ஒரு டாக்டர் சொன்னார். இந்த வயசுல கீழே வீங்கினா சில பேருக்குப் பின்னாடி பாதிக்கும், எல்லாருக்கும் இல்ல, பெரியவனானதும் ஒரு தடவை பார்த்துடுங்கன்னார். எனக்கு அன்னைக்கு ஒரே நாள்ல எட்டு வயசு கூடிப்போச்சு. இவர்கிட்டகூடச் சொல்லலை. சொன்னா தன்னாலதான்னு உருகிடுவார். அவனும் தேறிட்டான். படிச்சான், வேலைக்கு வந்தான், கல்யாணமாச்சு. வந்துடும் வந்துடும்னு நானும் நாளைத் தள்ளிட்டேன்."

"நாளை நீங்க தள்ளினீங்க. ஊசியை நான் போட்டுக்கிட்டேன்."

"தப்புதான்."

"சாயம் ஏத்தின அன்னைக்கு என் கையை நீங்கதான் பிடிச்சிருந்தீங்க. அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்."

"வாய் வரைக்கும் வந்துச்சு வர்ணம்."

"நாளைக்கு என் வயித்துல துளை போடறாங்க அத்தை."

"சின்னத் துளைன்னுதானே..."

"சின்னதோ பெரிசோ, யாரோட வயித்துல?"

மாமியார் தலை குனிந்துகொண்டார். பிறகு, அவளைப் பார்க்காமலே சொன்னார். "அவன் தாங்க மாட்டான்மா. சின்ன வயசுல இருந்தே அப்படி. ஒரு சொல் பொறுக்க மாட்டான்."

"அப்ப நான்?"

"நீ தாங்குவே."

நாலு வருஷத்தில் மாமியார் அவளைப் பாராட்டிச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். வர்ணத்துக்கு அதைத் திருப்பி அவர் மூஞ்சியில் வீச வேண்டும் போலிருந்தது. அவள் திரும்பி நடந்தாள். பின்னால், "அவன்கிட்ட மெதுவாச் சொல்லு" என்று குரல் வந்தது. மெதுவாகவாம்.

வார்ப்புக் கொட்டகையில் கணவன் வாளி நிறைய ரெசினைக் கரைத்துக்கொண்டிருந்தான். அவள் வந்ததைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தான். "நான் அப்படியே வெளியில போய்..."

அவள் கதவோரம் நின்றாள்.

அவளுக்கு ஒன்று தெரியும். ரெசின் மட்டும் இருந்தால் அது பாட்டுக்கு நாள் பூரா கிடக்கும். ஹார்டனரை ஊற்றிவிட்டால் அவ்வளவுதான். உடனே அச்சில் ஊற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் வாளியிலேயே சூடேறி இறுகிக் கல்லாகிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஊற்றுகிறவன் எங்கேயும் நகர முடியாது. வீடு தீப்பிடித்தாலும் முதலில் வாளியைக் காலி செய்துவிட்டுத்தான் ஓட வேண்டும். பேச்சை விட்டு ஓடும் கணவனைப் பிடிக்க இதைவிட நல்ல கயிறு கிடையாது.

அவள் நின்றாள். அவனும் நின்றான். மேஜை மேல் வாய் பிளந்த அச்சுகள் வரிசையாகக் காத்திருந்தன. எல்லாம் பத்தொன்பது.

கடைசியில் வேறு வழியில்லாமல் அவன் ஹார்டனரை ஊற்றினான். கலக்கினான். முதல் அச்சின் மேல் வாளியைச் சாய்த்தான்.

"டெஸ்ட் எங்க எடுத்தீங்க?"

அவன் அச்சையே பார்த்தான். "வேலை நேரத்துல ஏன்..."

"வேலை நேரத்துலதான் நீங்க ஓட மாட்டீங்க."

"லேப்லதான்."

"எந்த லேப்?"

இரண்டாவது அச்சு. ரெசின் விளிம்பில் வழிந்தது.

"பொன்னுக்கு வீங்கி வந்தது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

அவன் நிமிர்ந்தான். வர்ணம் அந்த முகத்தைப் பார்த்தாள். என்ன சொல்கிறாய் என்று குழம்புகிற முகமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். அப்படி இல்லை. பிடிபட்ட முகம்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியாது." பிறகு, "சந்தேகம்தான்" என்றான். "டாக்டர் அன்னைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாங்கல்ல. அம்மா இல்லைன்னாங்க. வந்துச்சேன்னு எனக்குத் தோணிச்சு. ஏன் இல்லைங்கறாங்கன்னும் தோணிச்சு. போன்ல தேடிப் படிச்சேன்."

"அப்புறம்?"

"போனை மூடிட்டேன்."

"லேப்?"

"போனேன். மூணு தடவை. வெளியில பெஞ்சுல உட்கார்ந்துட்டு வந்துட்டேன். பேரைக் கூப்பிடறாங்க, எழுந்திருக்க முடியல. இதே எழவைத்தான் நாள் முழுக்க ஊத்துறேன். விரையில இருந்து வெளியே வர்ற வரைக்கும் ஒவ்வொரு குழாயும் எனக்குக் கண்ணை மூடிக்கிட்டுத் தெரியும். எனக்குள்ள அது வெறும் பொம்மைன்னு ஒருத்தி எழுதிக் கொடுத்துடுவாளோன்னு..."

அவன் ஊற்றுவதை நிறுத்திவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

"சாயம் ஏத்தின அன்னைக்கு நீங்க வெளியில உட்கார்ந்திருந்தீங்க" என்றாள் அவள். "நான் கத்தினேன். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்பவும் சந்தேகம் இருந்துச்சா?"

அவன் வாயைத் திறந்தான். பதிலுக்குப் பதிலாக வாளியிலிருந்து புகை வந்தது.

முதலில் ஒரு நூல், பிறகு திரி, பிறகு மூச்சை அடைக்கிற நெடி. மிச்சமிருந்த ரெசின் வாளிக்குள்ளேயே கொதித்துக் கெட்டிப்பட்டுக்கொண்டிருந்தது. அவன் கையை நீட்டினான். "தொடாதீங்க" என்று அவள் கத்தினாள். மூலையில் கிடந்த கம்பியைப் பிடியில் மாட்டி அவள் ஒரு பக்கமும், கோணியைச் சுற்றி அவன் ஒரு பக்கமுமாக வாளியை வாசலுக்கு இழுத்துப் போனார்கள். முற்றத்தில் அது ஒரு வெடிச்சத்தத்தோடு நடுவில் பிளந்தது.

மாமனார் ஓடி வந்தார். "என்னடா ஆச்சு? முழு வாளியா? ஒரு வாளி பூராவுமா?" வாளியையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெட்டி அறை வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார். அந்த முகத்தில் என்ன படித்தாரோ, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கையில் மண் போய் வெகுநேரம் ஆகியும்.

வர்ணம் கணவனிடம் திரும்பினாள். "கையைக் கழுவிட்டு வாங்க. லேப் மூடறதுக்குள்ள போகணும்."

"இன்னைக்கேவா?"

"நாளைக்கு என் முறைன்னு முடிவு பண்ணியிருந்தீங்கல்ல. அதுக்கு முன்னாடி உங்க முறை."

லேபில் ஒரு நாற்காலி வரிசை, ஒரு தண்ணீர் ஜாடி, சுவரில் சிரிக்கும் ஒரு குழந்தைப் படம். அந்தக் குழந்தையைச் சுவரில் மாட்டியவருக்கு மனசாட்சி என்று ஒன்று இருந்திருக்காது. கவுன்டரில் இருந்த பெண் தலையைத் தூக்காமல் கேட்டாள். "வயசு?"

சொன்னான்.

"கடைசியா ஒண்ணா இருந்து ரெண்டு மூணு நாளாவது ஆகியிருக்கணும். ஆகியிருக்கா?"

அவன் மின்விசிறியைத் தேடினான். இங்கே ஏ.சி.தான் இருந்தது.

"அதுக்குக் குறைச்சலே இல்ல" என்றாள் வர்ணம்.

அந்தப் பெண் மூடி போட்ட சின்ன டப்பாவை நீட்டினாள். "உள்ள ரெண்டாவது கதவு. தாழ்ப்பாள் கொஞ்சம் மக்கர் பண்ணும், இழுத்துப் போடுங்க சார்."

அவன் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நின்றான். தூக்கு மேடைக்குப் போகிறவன்கூட இன்னும் கொஞ்சம் சகஜமாக நடப்பான். வர்ணத்துக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அது போய்விட்டது. நாலு வருஷத்தில் இப்படி எத்தனை கதவுகளுக்குள் அவள் தனியாகப் போயிருக்கிறாள். புடவையை மாற்றிக்கொள், காலைத் தூக்கு, மூச்சை இழு, அசையாதே.

"போங்க" என்றாள்.

கதவு மூடியது. தாழ்ப்பாள் மக்கர் பண்ணுவது வெளியே கேட்டது.

அவள் போனை எடுத்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். எண் எதுவும் போடாமல், அதனதன் பெயரோடு.

"பதினாலு வயசுலயா? கீழேயும் வீங்குச்சா?" என்றார் டாக்டரம்மா. "இங்க பாரும்மா, அதனால எல்லாருக்கும் பாதிப்பு வராது. சிலருக்கு எண்ணிக்கை குறையும். ரொம்ப அபூர்வமா இல்லாமலே போகும். அப்பவும் பார்க்கறதுக்கு வழிகள் இருக்கு. டெஸ்ட் பண்ணாம நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா அவர் பண்ணியாச்சுன்னாரே?"

"பொய் சொல்லிட்டார் டாக்டர்."

"நாளைக்கு நீ வர வேண்டாம். ரிசல்ட் வரட்டும். இத்தனை நாள் உன்னைப் படுத்தினதுக்கு..." மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். நல்ல டாக்டர். ஆனால் முதல் நாள், மகனிடம் கேட்ட கேள்விக்கு அம்மாவின் பதிலை எழுதிக்கொண்டவரும் அவர்தான்.

நாளைக்குத் துளை இல்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். நிம்மதி வரும் என்று பார்த்தாள். அது வராமல், அதன் இடத்தில் கோபம் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

வெகுநேரம் கழித்து அவன் வெளியே வந்தான். டப்பாவைக் கவுன்டரில் வைத்தான். "நாளைக்கு மத்தியானம் வாங்கிக்கலாம் சார்" என்றாள் அந்தப் பெண், அப்போதும் தலையைத் தூக்காமல். அந்த ஒரு உபகாரத்துக்காக அவளுக்குக் கோயில் கட்டலாம்.

பைக் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவன் சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"ஒண்ணு கேட்கவா?" என்றான்.

"கேளுங்க."

"எனக்குள்ள ஒண்ணுமே இல்லைன்னு வந்தா... நீ இருப்பியா?"

அவன் கண் கலங்கியிருந்தது. அந்தக் கலங்கலுக்குக் கீழே, மடியில் வைத்திருந்த அந்தப் பையன் தெரிந்தான். அச்சு கலைந்துவிடும் என்று அழாமல் இருந்தவன். அவளுக்கு அவன் தலையைக் கோதிவிட வேண்டும் போலிருந்தது. இதே கை அவனை நாலு அறை அறையவும் தயாராக இருந்தது. இரண்டுக்கும் இடையில் கை, ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டது.

"நாலு வருஷமா குறை என்கிட்டன்னு எல்லாரும் நினைச்சோம். ஒரு நாளாவது இந்தக் கேள்வியை நான் உங்ககிட்டக் கேட்டேனா?"

"இல்ல."

"ஏன் தெரியுமா? பயம். கேட்டிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

வழக்கமான ஆளாக இருந்தால், 'இதென்ன கேள்வி, உன்னை விட்டுப் போவேனா' என்று பட்டென்று வந்திருக்கும். நார்மல் என்று வந்ததே, அதே வேகத்தில். அவன் சாவியைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். பிறகு முதல் தடவையாக அவளைப் பார்த்தான்.

"இருப்பேன்னு சொல்லணும்னு ஆசையா இருக்கு" என்றான். "ஆனா தெரியல. அம்மா அழுதா, ஊர் பேசினா, நான் என்ன பண்ணியிருப்பேன்னு நிஜமாத் தெரியல."

இந்த நாலு வருஷத்தில் அவன் சொன்ன முதல் உண்மை. கசந்தது. ஆனாலும் அதைக் கையில் வாங்கிக்கொள்ள முடிந்தது.

"எனக்கும் தெரியல" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். பைக்கை உதைத்தான். எழுந்திருக்கவில்லை. மறுபடி உதைத்தான். மறுபடி. வியர்த்து வழிய வழிய உதைத்து, ஒருவழியாக அது இருமிக்கொண்டு கிளம்பியது. அவள் பின்னால் ஏறினாள். தோளைப் பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்குத்தானே?"

"எங்க அம்மா வீட்டுக்கு."

அவன் முதுகு விறைத்தது.

"நாளைக்கு ரிசல்ட்டை நீங்களே போய் வாங்கணும்" என்றாள், இரைச்சலுக்கு மேலே, காதோரம் குனிந்து. "அத்தையை அனுப்பக் கூடாது. மாமாவை அனுப்பக் கூடாது. போன்லயும் சொல்லக் கூடாது. என்னவா இருந்தாலும், எடுத்துக்கிட்டு என் எதிர்ல வந்து உட்கார்ந்து, என் மூஞ்சியைப் பார்த்து, நீங்களே சொல்லணும். அப்ப நான் யோசிக்கிறேன்."

முச்சந்தியில் சிக்னல் விழுந்திருந்தது. வலது பக்கம் திரும்பினால் பட்டறை, அவன் அம்மா, மூடிவைத்துக்கொள்ள எத்தனையோ பெட்டிகள். இடது பக்கம் அவள் அம்மா வீடு. பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் நின்ற கார் ஹாரன் அடித்தது. அவன் இன்னும் அப்படியே நின்றான்.

பிறகு வண்டி இடது பக்கம் திரும்பியது.